கல்சியம் போகும் கதவு

சேசு மரி சூசை

குருநகர்,
08.01.2025

என் அன்பு அத்தானுக்கு,

நானும் அக்காவும் சுகம். உங்களுக்கும் கிறகோரி அண்ணைக்கும் ஒரு குறையும் வராமல் எங்கள் கோயில் யாகப்பர் காக்க வேண்டும். அந்தச் சிறையில் நுளம்புக் கடி பிய்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே நுளம்பு எனக்கு முத்தமா கொடுக்கிறது? அதை விடுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் எஞ்சின் நின்று, வள்ளம் இழுபட்டு, இந்தியப் பக்கம் உங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து நான் எழுதிய கடிதங்களில் எல்லாம் எழுதினேன். வலை விற்றது, கூரைத் தகடு பறந்தது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது வரை எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை.

எனக்கு ஐந்து மாதம்.

கோபிக்காதீர்கள். முதலாவது ஐந்தாம் மாதத்தில் போனது. இரண்டாவது ஆறாம் மாதத்தில். இரண்டு தரமும் நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று தலையில் அடித்ததைப் பார்த்தவள் நான். அங்கே சுவருக்குள் இருந்துகொண்டு எதில் அடிப்பீர்கள்? ஆறு முடியட்டும், பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். ஆனால் நேற்றுப் பூசைக்குப் போய் முழங்காலில் இருந்தபோது உள்ளே ஒரு துடிப்பு. எனக்கு வாய் பொறுக்கவில்லை.

குணலட்சுமி மிஸ் வீடு தேடி வந்து பார்க்கிறா. எங்கள் பகுதி மருத்துவமாது அவதான், ஞாபகம் இருக்கும். "இந்த முறை நான் விடமாட்டன் பிள்ளை" என்று எனக்கு முன்னால் அவவே சத்தியம் பண்ணுகிறா. இரும்புக் குளிசை, கல்சியக் குளிசை, திரிபோஷா சத்துமா எல்லாம் தந்திருக்கிறா. கல்சியக் குளிசை சுண்ணாம்புக்கட்டிதான், தொண்டையை விட்டு இறங்காது. பிள்ளைக்கென்று விழுங்குகிறேன்.

நித்திரையைக் கெடுக்காதீர்கள். சாப்பிடுங்கள்.

உங்கள்
ஜெயகௌரி


சிறைச்சாலை, தமிழ்நாடு,
27.01.2025

என் கண்ணான ஜெயாவுக்கு,

ஆண்டவன் கிருபையால் நான் சுகம். நீயும் உள்ளே இருப்பவரும் சுகமாயிருக்க வேண்டும் என்று இன்று முதல் இரண்டு பேருக்காகச் செபிக்கிறேன்.

இங்கே கடிதங்களைப் பிரித்து வாசித்துத்தான் தருவார்கள் என்று உனக்குத் தெரியும். தந்தவர் சிரித்துக்கொண்டே, "என்னய்யா, அப்பாவாகப் போற போல" என்றார். என் பிள்ளை வரும் செய்தி எனக்கு முதல் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது! கோபம் வந்தது. அடுத்த நிமிடம் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன். கிறகோரி அண்ணை கூடத்தில் இருந்த எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பார்த்தேயிராத ஆட்கள் வந்து வாழ்த்துகிறார்கள்.

பெடியன் என்றால் அப்புவின் பெயர்தான். சிமியோன். பெட்டை என்றால் நீ வை.

ஆனால் ஜெயா, இரவானால் பயம் பிடிக்கிறது. வழக்கு இன்னொரு முறை தள்ளிப்போய்விட்டது. வெளிநாட்டுக்குத் தொலைபேசியில் கதைக்க விடமாட்டார்கள். வீட்டில் இருந்தால் உனக்குத் தண்ணீர் அள்ளியிருப்பேன், ஓட்டோ பிடித்திருப்பேன், கிளினிக் வரிசையில் நின்றிருப்பேன். இங்கே கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். எனக்கு ஏதாவது ஒரு வேலை சொல்லு. இங்கிருந்து செய்யக்கூடிய ஒன்று. எதுவென்றாலும் செய்கிறேன்.

பாரம் தூக்காதே. அக்காவோடு சண்டை பிடிக்காதே.

உன்
றோய்


சேசு மரி சூசை

பெரியாஸ்பத்திரி,
24.02.2025

அன்பு அத்தானுக்கு,

உங்கள் சுகத்தை அந்தோனியார் பார்த்துக்கொள்வார். பயப்படாமல் வாசியுங்கள். முடிவை முதலில் சொல்கிறேன். பிள்ளை உள்ளேதான் இருக்கிறது. உதைக்கிறது.

வியாழக்கிழமை மத்தியானம் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். வயிறு கல்லாக இறுகியது. விட்டது. மறுபடியும் இறுகியது. அந்த நோவை எனக்குத் தெரியும், அத்தான். இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோன நோ அது. கத்தியைப் போட்டுவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அக்கா செதிள் ஒட்டிய கையோடேயே என்னை ஓட்டோவில் ஏற்றினாள்.

இங்கே டொக்டர் றுக்ஷானா என்று ஒரு பிள்ளை. சோனகதெருப் பிள்ளை, அங்கத்தைய சனம் வெளியேற்றப்பட்ட பிறகு புத்தளத்தில் பிறந்து, தாய் தகப்பனோடு திரும்பி வந்ததாம். நான் அழுவதைப் பார்த்துவிட்டுக் என் கட்டிலில் வந்து இருந்து கதைத்தா.

"அக்கா, கருப்பையும் ஒரு தசைதான். கை மடங்கிற மாதிரி அதுவும் மடங்கும். மடங்கிறதுக்குக் கல்சியம் அந்தத் தசைக்குள்ளை போகவேணும். தசையிலை கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கதவுகள் இருக்கு. கதவு திறந்தால் கல்சியம் உள்ளை பாயும், தசை இறுகும். பேந்து கல்சியத்தை வெளியிலை தள்ளிப்போட்டுத் தளரும். உங்களுக்கு நேரம் வர முந்தியே கதவு திறக்குது. நாங்கள் தாற குளிசை கதவைச் சாத்தும். சரியே?"

"சாத்திப்போட்டால் பிள்ளை எப்பிடி வெளியிலை வரும்?" என்று கேட்டேன்.

"வாற நேரம் நாங்களே திறந்து விடுவம், பயப்பிடாதேங்கோ" என்று சிரித்தா.

அந்தக் குளிசை பிறஷருக்கும் கொடுக்கிற குளிசையாம். போட்டதும் முகம் சுட்டது, தலை இடித்தது, நெஞ்சு படபடத்தது. ஆனால் நோ மெல்ல மெல்ல விலகிப்போனது. பிள்ளையின் சுவாசப்பைக்கென்று ஊசியும் போட்டார்கள். இரண்டு நாளோடு குளிசையை நிறுத்திவிட்டார்கள். இனி அது தேவையில்லையாம், நாளைக்கு வீட்டுக்கு விடுவார்களாம். ஏழாம் மாதம் நடக்கிறது, அத்தான். நாங்கள் ஒருநாளும் இவ்வளவு தூரம் வந்ததில்லை.

உங்களுக்கு வேலை கேட்டீர்கள். செபியுங்கள், அதுதான் வேலை.

உங்கள்
ஜெயகௌரி


சிறைச்சாலை,
12.03.2025

என் ஜெயாவுக்கு,

நான் சுகம் என்று எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். உன் கடிதம் வந்த நாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அதை நூறு தரம் வாசித்துவிட்டேன். வாசிக்க வாசிக்க ஒரு விஷயம் உறுத்துகிறது. கவனமாகக் கேள்.

டொக்டர் என்ன சொன்னா? கல்சியம் உள்ளே போனால் கருப்பை இறுகும். அப்படியென்றால் குணலட்சுமி மிஸ் ஏன் உனக்குக் கல்சியக் குளிசை தருகிறா? ஆஸ்பத்திரி கதவைச் சாத்துகிறது, கிளினிக் அதே கல்சியத்தை அள்ளிக் கொட்டுகிறது! கிறகோரி அண்ணையிடம் சொன்னேன். அவருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"உது வள்ளத்தின்ரை ஓட்டையை அடைச்சுப்போட்டு, மேலாலை வாளியாலை தண்ணி ஊத்திற கதையெல்லே" என்றார்.

இப்போது கதவைச் சாத்தும் குளிசையும் இல்லை. முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் நீ கல்சியக் குளிசை போட்டாய்தானே? ஒழுங்காகப் போட்டாய். நான்தான் தண்ணீர் எடுத்துத் தந்தேன். என்ன நடந்தது?

நிறுத்து, ஜெயா. இந்தக் கடிதம் கண்டவுடன் நிறுத்து. கல்சியக் குளிசை வேண்டாம். பால் வேண்டாம், நெத்தலி வேண்டாம், சூடை மீன் வேண்டாம், முருங்கையிலை வேண்டாம், திரிபோஷாவும் வேண்டாம். யாரும் கேட்டால் தபசுகால நோன்பு, ஒறுத்தல் என்று சொல்லு. சாம்பல் புதன் கழிந்துவிட்டது. ஒருவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். மிஸ்ஸிடம் சொல்லாதே. அவ தன் மேலிடம் சொன்னதைத்தான் செய்வா.

நானும் உன்னோடு ஒறுக்கிறேன். காலையில் இங்கே தரும் பால் தேநீரை இன்றிலிருந்து விட்டுவிட்டேன். உயிர்த்த ஞாயிறு வரை இருவரும் சேர்ந்து இதை யாகப்பருக்கு நேர்ந்துகொள்வோம். இது என் சிமியோனின் மேல் ஆணை. மீறாதே.

இவ்வளவு நாளும் எனக்கு ஒரு வேலையும் இல்லையே என்று இருந்தேன். ஆண்டவர் எனக்கு இதைக் காட்டினார்.

உன்
றோய்


சேசு மரி சூசை

குருநகர்,
01.04.2025

அன்பு அத்தானுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். ஏன் சாப்பிடாமல் இருக்கிறீர்கள்? நான் ஒரு பட்டினி, நீங்கள் ஒரு பட்டினி என்றால் பிள்ளை பிறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கும்.

உங்கள் கடிதம் ஒரு கிழமையிலேயே கிடைத்தது. அன்றே எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். முதலில் கொஞ்சம் யோசித்தேன்தான். டொக்டரிடம் கேட்போமா என்று மனம் சொன்னது. பிறகு நீங்கள் பிள்ளையின் மேல் ஆணையிட்டதை வாசித்தேன். அதற்குப் பிறகு என்ன கேள்வி?

தபசுகாலம் என்று சொன்னதும் அக்கா என்னைப் பரிசுத்தவதி மாதிரிப் பார்க்கிறாள். சூடைக் குழம்பு அடுப்பில் கொதிக்கும்போது நாக்கில் தண்ணீர் ஊறுகிறது. நான் ரசமும் சோறும். குணலட்சுமி மிஸ் வந்து, "குளிசை எல்லாம் ஒழுங்காப் போடுறீரோ?" என்றா. தலையை ஆட்டினேன். வாயால் பொய் சொல்லவில்லை.

நோ வரவில்லை, அத்தான். ஒரு நாள்கூட வரவில்லை! நீங்கள் சொன்னது சரிதான் போல.

கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, செருப்பு ஏறுவதில்லை. இங்கே வெயில் கொளுத்துகிறது, அதனால் தலையிடி. சில நேரம் கண்ணுக்கு முன்னால் பொட்டுப் பொட்டாக மின்னுகிறது, நித்திரைக் குறைவு. எட்டாம் மாதத்தில் எல்லோருக்கும் வருவதுதானே. அக்காவிடம் சொல்லவில்லை, சொன்னால் ஊரைக் கூட்டுவாள்.

பிள்ளை நன்றாக உருளுகிறது. நீங்கள் பால் தேநீரையாவது குடியுங்கள்.

உங்கள்
ஜெயகௌரி


சிறைச்சாலை,
11.04.2025

ஜெயா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. இதை வாசித்தவுடன் ஆஸ்பத்திரிக்குப் போ. வாசித்து முடிக்க முன் அக்காவைக் கூப்பிடு.

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. இன்று எங்கள் பகுதிக்குச் சிறை டொக்டர் வரும் நாள். எனக்கு இருமல் என்று பொய் சொல்லிப் போய், உன் கடிதத்தை அந்த அம்மாவிடம் காட்டினேன். வாசிக்க வாசிக்க அவரது முகம் மாறியது.

"யாருப்பா உனக்கு இதைச் சொன்னது?" என்றார்.

"நானேதான்" என்றேன்.

"சாப்பிடுற கால்சியம் வேற, அந்தக் கதவு வேறப்பா. நீ சாப்பிட்டாலும் சாப்பிடாட்டாலும் ரத்தத்துல கால்சியம் ஏறக்குறைய ஒரே அளவுலதான் நிக்கும். பத்தலைன்னா உடம்பு எலும்புலேர்ந்து எடுத்துக்கும். கதவு எப்பத் திறக்கணும்னு சொல்றது வேற சங்கதி. மாசமா இருக்கிறவங்களுக்குக் கால்சியம் குடுக்கிறதே பிரஷர் ஏறாம இருக்கத்தான். கால் வீக்கம், தலைவலி, கண்ணுல மின்னல்னு எழுதியிருக்காங்களே, இது பிரஷர் அறிகுறிப்பா. உடனே அட்மிட் ஆகணும்!"

தந்தி போன்ற ஒன்று உண்டா, தொலைபேசியில் ஒரு நிமிடம் தருவார்களா என்று எல்லோருடைய காலிலும் விழுந்துவிட்டேன். மனுக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்திருக்கிறேன். பதில் இல்லை. டொக்டரம்மா தன்னால் முடிந்ததைப் பார்ப்பதாகச் சொன்னார். அவரும் சட்டத்துக்கு உட்பட்டவர்தானே.

ஆணையை நான் எடுத்துவிட்டேன். கேட்கிறதா? நான் போட்ட ஆணையை நானே எடுத்துவிட்டேன். எல்லாக் குளிசையும் போடு. பால் குடி. மீன் சாப்பிடு. ஆனால் முதலில் ஆஸ்பத்திரி. மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லு. பழியை என்மேல் போடு.

பிழையான கடிதம் ஒரு கிழமையில் உன் கைக்கு வந்ததே. இது எத்தனை நாள் எடுக்குமோ.

றோய்


சிறைச்சாலை,
16.04.2025

ஜெயா,

இன்று பெரிய கிழமையின் புதன். முந்திய கடிதம் தவறியிருந்தால் என்று இதையும் போடுகிறேன். எல்லாம் அதே விஷயம்தான். குளிசை போடு, ஆஸ்பத்திரிக்குப் போ. என் மனுவுக்குப் பதில் இல்லை. கிறகோரி அண்ணை மூலையில் குந்தி இருக்கிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

றோய்


குருநகர்,
21.04.2025

தம்பி றோய்க்கு அற்புதராணி அக்கா எழுதுவது.

நீர் சுகமாயிருக்கச் செபிக்கிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. சுற்றி வளைக்கவும் தெரியாது. ஜெயகௌரி உயிரோடு இருக்கிறாள். இன்னும் ஆஸ்பத்திரியில்தான். இன்று கஞ்சி குடித்தாள்.

குருத்து ஞாயிறுக்கு முதல் நாள், பன்னிரண்டாம் திகதி, முற்றத்தில் இருந்து குருத்தோலையில் சிலுவை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னிக்கொண்டே இருந்தவளுக்குக் கண் மேலே செருகி, பல் கிட்டி, கை கால் இழுக்கத் தொடங்கிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் றோட்டால் போன ஓட்டோ தானாக நின்றது. வழியில் இன்னொரு தரமும் இழுத்தது.

பிறஷர் உச்சிக்கு ஏறி வந்த வலிப்பாம். வலிப்புக்கு ஊசி போட்டு, உடனே வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். அதோடு முடியவில்லை. ரத்தம் நிற்கவில்லை. ஒரு நேர்ஸ் ஓடி வந்து ரத்தம் வேண்டும் என்றா. நான் கரைக்குச் சொல்லி அனுப்பினேன். வலை இழுத்த ஈரச் சாரத்தோடு பெடியன்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். உம்முடைய சொந்தம், சொக்காரன்கள், நீர் கதைக்காமல் விட்டவன்கள், எல்லோரும்தான் வந்தார்கள்.

டொக்டர் றுக்ஷானா வெளியே வந்தா. உடுப்பெல்லாம் ரத்தம்.

"அக்கா, பிள்ளையை எடுத்த உடனை கருப்பை கையைப் பொத்தின மாதிரி இறுகவேணும். இறுகினால்தான் ரத்தக்குழாய் நசிஞ்சு அடைபடும். இவவுக்கு இறுகுதில்லை. வலிப்புக்குக் குடுத்த மருந்தும் தசையைத் தளர்த்திறதுதான், ஆனால் அதைக் குடுக்காமலும் ஏலாது. மருந்து ஏத்திக்கொண்டு கையாலை பிசையிறம். இறுகாட்டில் கருப்பையை எடுக்கவேணும். செபியுங்கோ" என்றா.

மாசி மாதம் இதே ஆஸ்பத்திரியில், ஆண்டவரே இறுகக்கூடாது, இறுகக்கூடாது என்று மன்றாடினேன். அன்று அதே வாயால், இறுகு, இறுகு, நாசமாய்ப் போறதே இறுகு என்று கத்தினேன். காவலுக்கு நின்றவன் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். பிறகு அந்த நேர்ஸ் கதவைத் திறந்து, "இறுகிட்டுது அம்மா" என்றா.

ஒன்று சொல்ல வேண்டும். குணலட்சுமி மிஸ் முந்திய கிழமையே பிறஷரைப் பார்த்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறா. இவள் எனக்கு மூச்சுக்கூட விடவில்லை. உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போனபோதுதான், மாதா சுரூபத்துக்குப் பின்னால் ஒரு பை கண்டேன். கல்சியக் குளிசை. ஒன்றும் போடாமல் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியில் அதைக் கேட்டு ஏசுவார்கள் என்று பயந்துதான் போகாமல் இருந்தாளோ தெரியாது. தபசுகாலம் என்று குளிசையையும் விட்டாளாக்கும். இது யார் கொடுத்த புத்தி என்று எனக்கு விளங்கவில்லை, தம்பி. டொக்டரிடம் காட்டினேன். "இதாலைதான் வந்ததெண்டு ஆராலும் சொல்லேலாது. எல்லாம் போட்டவைக்கும் வாறதுதான். ஆனால் கிளினிக் சொன்ன அண்டே வந்திருக்கலாம்" என்றா. ஜெயகௌரியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவள் இல்லை.

பிள்ளையைப் பற்றி அவள் எழுதுவாள். அது அவள் எழுத வேண்டியது.

அக்கா


சிறைச்சாலை,
04.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அவளைக் காப்பாற்றிய கைகளுக்கு நன்றி. ரத்தம் கொடுத்த எல்லோருக்கும் நான் கும்பிட்டதாகச் சொல்லுங்கள்.

புத்தி கொடுத்தது நான்தான் அக்கா. குளிசையையும் பாலையும் விடச் சொல்லிப் பிள்ளையின் மேல் ஆணையிட்டேன். மிஸ்ஸிடம் சொல்லாதே என்றும் எழுதினேன். அவள் என் சொல்லைக் கேட்டாள், வேறு ஒரு பிழையும் செய்யவில்லை. அந்தப் பையைக் கடலில் எறியுங்கள். அதை நீங்கள் கண்டதாகவோ எனக்கு எழுதியதாகவோ அவளுக்குத் தெரிய வேண்டாம். இந்தக் கடிதத்தையும் கிழித்துவிடுங்கள்.

பிள்ளையைப் பற்றி நீங்கள் எழுதாததை நான் வாசித்துவிட்டேன். ஆனாலும் ஒரு நப்பாசை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு சொல் வராதா என்று ஒவ்வொரு நாளும் கடிதம் பிரிக்கும் மேசைக்கு முன்னால் நிற்கிறேன்.

றோய்


சேசு மரி சூசை

குருநகர்,
17.05.2025

என் அன்பு அத்தானுக்கு,

நான் எழும்பி நடக்கிறேன். உங்களைத் தேற்றும்படி மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதத் தொடங்குகிறேன். நான் வீட்டுக்கு வந்த அன்று உங்கள் இரண்டு கடிதங்களும் மேசையில் இருந்தன. இத்தனை நாளும் பேனையைப் பிடிக்க முடியவில்லை. இன்று எழுதாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன். பிள்ளை பிறக்குமென்று டொக்டர் குறித்துத் தந்த நாள் இன்றுதான்.

சிமியோன் வந்தான். ஒரு பகல் இருந்தான்.

மூச்சு விடக் கஷ்டப்பட்டானாம். குருவானவர் வரும்வரை தாங்க மாட்டான் என்று தெரிந்ததும், அக்கா குழாய்த் தண்ணீரைக் கையில் ஏந்தி ஞானஸ்நானம் கொடுத்தாள். பெயரை நடுங்காமல் சொன்னாளாம். நான் மயக்கத்தில். எனக்குக் காட்டியபோது துணி சுற்றி இருந்தது. மூக்கு உங்கள் மூக்கு. நகம் நீளமாக வளர்ந்திருந்தது, வெட்ட ஆளில்லாமல். சேமக்காலையில் உங்கள் அப்புவின் கல்லறைக் காலடியில் வைத்திருக்கிறார்கள். பெரிய சிமியோன், சின்ன சிமியோன்.

ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் வயிறு திரும்பத் திரும்ப இறுகியது. பிள்ளை பெற்ற பிறகு கருப்பை அப்படித்தான் சுருங்குமாம். உள்ளே ஒருவரும் இல்லை என்று அதற்குத் தெரியவில்லை, அத்தான். பாலும் வந்தது. அதற்கும் தெரியவில்லை. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். நீங்கள் ஒரு வேலை கேட்டுக் கேட்டு எழுதினீர்கள். பிறகு நீங்களே ஒரு வேலையைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டீர்கள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் குளிசையை விட்டுவிட்டேன் என்று பொய் எழுதினேன். உண்மையில் ஒரு குளிசையும் விடவில்லை. எல்லாம் போட்டேன். களவாகப் பாலும் குடித்தேன். மிஸ் சொன்ன கிளினிக் ஒன்றையும் விடவில்லை. டொக்டர் றுக்ஷானா, இது எல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் வரும் என்றா. அதனால் நீங்கள் எழுதியதால் ஒன்றும் நடக்கவில்லை. உங்கள் ஆணையை நான்தான் மீறினேன், யாகப்பர் என்னோடு பேசட்டும். நீங்கள் தலையில் அடிக்காதீர்கள்.

அக்கா உங்களுக்கு ஒரு கடிதம் போட்டாளாம். என்ன எழுதினாள் என்று கேட்டால் முகத்தைத் திருப்புகிறாள். கிடைத்ததா? அவளுக்கு அன்று மனம் சரியில்லை. எதையும் மாறி எழுதியிருப்பாள்.

சாப்பிடுங்கள். உயிரோடு வாருங்கள். அது மட்டும் போதும்.

உங்கள்
ஜெயகௌரி


சிறைச்சாலை,
01.06.2025

என் ஜெயாவுக்கு,

நான் சுகம். நீ நடக்கிறாய் என்பதே எனக்குச் சுகம்.

சிமியோனின் மூக்கைப் பற்றி எழுதிய இடத்தில் கடிதம் பிரிக்கும் மனிதரின் கை ஈரம் பட்டு மை கரைந்திருக்கிறது. அவர் இன்று கடிதத்தை நீட்டிவிட்டுப் போனார். அந்த ஒரு பகலில் அவனுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட அக்கா இருந்தா. அதற்காக நான் அவவின் காலைத் தொட்டு வணங்க வேண்டும்.

நீ ஒரு குளிசையும் விடவில்லை என்று எழுதியிருந்தாய். கிறகோரி அண்ணைக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் வாய்விட்டு அழுதார், இத்தனை நாளும் தன்னால்தான் என்று இருந்தாராம். எங்கள் இரண்டு பேரின் நெஞ்சிலிருந்தும் நீ கல்லை இறக்கிவிட்டாய்.

அக்கா போட்ட கடிதம் எனக்கு வந்து சேரவில்லை. இங்கே சில கடிதங்கள் தவறுவது உண்டு. அவவை ஒன்றும் கேட்காதே.

நான் பால் தேநீர் குடிக்கத் தொடங்கிவிட்டேன். நீயும் குடி. மிஸ்ஸிடம் கேட்டுக் குளிசையை விடாமல் போடு, இதுவரை போட்ட மாதிரியே.

உன்
றோய்